அப்பாவிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை: பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது?

தகப்பனுக்கு இரத்த வகை ஏ. தாய்க்கு பி. பிறந்த பிள்ளையின் அட்டையில் ஓ என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்த உறவுக்காரர் ஒருவர், "அதெப்படி, ரெண்டு பேரிட்டையும் இல்லாதது பிள்ளைக்கு வரும்?" என்று கேட்டுவிடுகிறார். கேட்டவர் சும்மாதான் கேட்டிருப்பார். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்குள் தங்கிவிடுகிறது. வாய்விட்டுச் சொல்லாத சந்தேகமாக மாறி, கடைசியில் தாயின் தலையில்தான் வந்து விழுகிறது.

ஏ வகைத் தகப்பனுக்கும் பி வகைத் தாய்க்கும் ஓ வகைப் பிள்ளை பிறப்பது முற்றிலும் இயல்பானது. அது எப்படி என்று தெரிந்துகொள்வது ஒரு வீட்டின் நிம்மதிக்கு மட்டும் உதவுகிற விஷயமல்ல. தலசீமியா என்ற இரத்த நோய், நோயாளியே இல்லாத இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் செய்யும்போது எங்கிருந்து முளைக்கிறது என்பதையும் இதே கணக்குத்தான் சொல்கிறது. திருகோணமலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லா வீடுகளுக்கும் பொதுவான விஷயம் இது. ஆகவே அடியிலிருந்தே பார்ப்போம்.

பிள்ளை பார்க்கப் போகிற வீட்டில் நடக்கிற பேச்சு எல்லோருக்கும் தெரியும். மூக்கு தகப்பனை உரித்து வைத்திருக்கிறது, நெற்றி அம்மம்மாவுடையது, காது யாரைப்போல என்று தெரியவில்லை. இந்தப் பேச்சில் சரியான கவனிப்பு ஒன்று இருக்கிறது: குணங்கள் தனித்தனியாக வந்து சேர்கின்றன, சில வேளை ஒரு தலைமுறையைத் தாண்டியும் வருகின்றன. ஆனால் கூடவே ஒரு தப்பான நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. தேயிலைச் சாயத்தில் பால் ஊற்றியதுபோல, தாயின் குணமும் தகப்பனின் குணமும் பிள்ளையில் கலந்துவிடுகின்றன என்பதே அது. அது உண்மையானால், உயரமானவர்களும் கட்டையானவர்களும் கலியாணம் செய்து சில தலைமுறைக்குள் ஊர் முழுக்க ஒரே உயரமாகியிருக்கும். பேரன் பேத்தியிடம் எதுவும் திரும்பி வந்திருக்காது. 19ஆம் நூற்றாண்டில் டார்வின் போன்ற பெரிய மூளைகளாலேயே இந்தக் கலப்பு எண்ணத்திலிருந்து முழுதாக வெளியே வர முடியவில்லை.

வெளியே வந்தவர் கிரகோர் மென்டல். இன்றைய செக் நாட்டின் புர்னோ நகரில் ஒரு மடத்தில் இருந்த துறவி. 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பார்த்தார். அவர் செய்ததில் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். ஆறேழு அடி வளரும் செடியையும் ஒன்றரை அடிக்கு மேல் போகாத குட்டைச் செடியையும் எடுத்தார். பட்டாணிப்பூ தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டிக்கொள்ளும். அதனால் பூ விரிவதற்கு முன்பே அதன் மகரந்தக் கூடுகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, மற்றச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தொட்டுவைத்தார். அந்த விதைகளிலிருந்து வந்த செடிகள் அத்தனையும் நெட்டை. குட்டை காணாமல் போய்விட்டது. அப்புறம் அந்த நெட்டைச் செடிகளைத் தம்மிலேயே கருக்கட்ட விட்டு, அடுத்த தலைமுறையை எண்ணினார்: 787 நெட்டை, 277 குட்டை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. திரும்பி வந்தவையும் அரைகுறைக் குட்டையல்ல, பாட்டன் செடியின் அதே குட்டை.

மென்டல் எடுத்த முடிவு இதுதான். ஒவ்வொரு குணத்துக்கும் செடியிடம் இரண்டு கூறுகள் இருக்கின்றன, ஒன்று தாய்வழி, மற்றது தந்தைவழி. இரண்டும் ஒன்றோடொன்று கரைவதில்லை. அடுத்த தலைமுறைக்குப் போகும்போது பிரிந்து, இரண்டில் ஏதோ ஒன்று மட்டும் போகிறது. முதல் தலைமுறைச் செடி ஒவ்வொன்றும் ஒரு நெட்டைக் கூறும் ஒரு குட்டைக் கூறும் வைத்திருந்தது. வெளியே நெட்டை, உள்ளே குட்டை ஒளிந்திருந்தது. அப்படிப்பட்ட இரண்டு ஒளிந்த கூறுகள் ஒரே விதையில் சந்திக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 1865இல் உரையாக வாசித்து, 1866இல் அச்சிலும் வெளியிட்டார். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அவர் 1884இல் இறந்தார். 1900இல் மூன்று தாவரவியலாளர்கள் தனித்தனியே அதே முடிவுக்கு வந்தபோதுதான் உலகம் அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தது.

பட்டாணியை விடுங்கள், தம்பலகாமத்து வயல்வெளிக்கு வருவோம். பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல்லினங்கள் நெடுநெடுவென்று வளரும். பசளையைக் கூட்டிப் போட்டால் இன்னும் உயர்ந்து, கதிர் பாரம் தாங்காமல் அப்படியே சாய்ந்து தண்ணீருக்குள் படுத்துவிடும். 1962இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், பேட்டா என்ற நெட்டை நெல்லையும் தாய்வானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை நெல்லையும் கலந்தார்கள். முதல் தலைமுறை முழுக்க நெட்டை. மனம் சோர்ந்திருக்கும். ஆனால் இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒரு பங்கு குட்டை. மடத்துத் தோட்டத்துக் கணக்கு நூறு வருடம் கழித்து நெல் வயலில் அச்சுப் பிசகாமல் வந்து நின்றது. அந்தக் குட்டைகளிலிருந்து தெரிந்தெடுத்ததுதான் 1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8. பசளையைப் போட்டாலும் சாயாத நெல். குருநாகலுக்குப் பக்கத்தில் உள்ள பத்தலகொட நிலையம் 1970களிலிருந்து வெளியிட்ட பி.ஜி. வரிசை நெல்லினங்களிலும் இந்தக் குட்டைக் குணத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் இன்று பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் விதைக்கிற நெல் இடுப்பளவில் நிற்பதற்குக் காரணம் இதுவே.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. மென்டல் சொன்ன கூறுகளைத்தான் இன்று மரபணுப் பிரதிகள் என்கிறோம். அவருடைய குட்டைப் பட்டாணியில் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று 1997இல் கண்டுபிடித்தார்கள். குட்டை நெல்லில் எது என்பது 2002இல் தெரிந்தது. இரண்டும் கிபரலின் என்ற வளர்ச்சி ஓமோனைத் தயாரிக்கிற நொதியங்களுக்கான மரபணுக்கள். நெல்லில் கெட்டது தயாரிப்பின் ஒரு படி, பட்டாணியில் கெட்டது அதற்கு அடுத்த படி. ஓமோன் குறைந்தால் தண்டு நீளாது. சரி, அப்படியானால் ஒரு நல்ல பிரதியும் ஒரு கெட்ட பிரதியும் உள்ள செடி ஏன் நடுத்தர உயரமாக இல்லை? ஏனென்றால் ஒரு நல்ல பிரதியே போதுமான நொதியத்தைத் தயாரித்துவிடுகிறது. பாடசாலையில் ஆட்சியான குணம், பின்னிடைவான குணம் என்று படித்தபோது, ஒன்று மற்றதை அடக்கி ஆள்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்தோம். அடக்குவது எதுவும் அங்கே நடக்கவில்லை. ஒரு பிரதி வேலை செய்வதால் மற்றது வேலை செய்யாதது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இரத்த வகையும் தலசீமியாவும் தானாக விளங்கும்.

மனித உடலின் ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் 46 நிறமூர்த்தங்கள், அதாவது 23 சோடிகள். சோடியில் ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 அவற்றில் இருக்கின்றன. முட்டையோ விந்தோ உருவாகும்போது ஒவ்வொரு சோடியிலும் ஒன்று மட்டும் போகும். 23 சோடியிலும் எது போகும் என்பது எழுந்தமானம் என்பதால், ஒரே ஆளிடமிருந்து 80 இலட்சத்துக்கும் அதிகமான விதங்களில் சேர்க்கை அமையலாம். போதாததற்கு, பிரிவதற்கு முன் சோடி நிறமூர்த்தங்கள் தமக்குள் துண்டுகளை மாற்றியும் கொள்கின்றன. ஒரே வயிற்றில் பிறந்த நான்கு பேரும் நான்கு விதமாக இருப்பது இதனால்தான்.

இனி அந்த ஓ வகைப் பிள்ளை. இரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணு 9ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அதன் ஏ வடிவம் செங்குழியத்தின் மேற்பரப்பில் ஒருவகைச் சர்க்கரையைப் பொருத்தும் நொதியத்தைத் தயாரிக்கும். பி வடிவம் வேறொரு சர்க்கரையைப் பொருத்தும். ஓ வடிவத்தில் பொதுவாக ஒரேயொரு எழுத்து விடுபட்டிருக்கிறது, அதனால் நொதியம் உருப்படியாக வருவதில்லை. ஏ வகைத் தகப்பனிடம் ஏ-ஓ என்ற சோடி இருக்கலாம். ஏ வேலை செய்வதால் பரிசோதனையில் ஏ என்றே வரும். தாயிடமும் அப்படியே பி-ஓ. இருவரும் தம்மிடமுள்ள ஓ-வைக் கொடுத்தால் பிள்ளை ஓ. இந்தத் தம்பதிக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஏ, பி, ஏபி, ஓ என்ற நான்கில் எதுவாகவும் வரலாம், ஒவ்வொன்றுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரு பெண்ணைச் சந்தேகிப்பதற்கு இரத்த வகை அட்டையைக் காட்டுகிறவர்களிடம் இதைப் பொறுமையாக, ஆனால் உரத்த குரலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெண் பிள்ளைகளாகவே பெறுகிறாள் என்று தாயைக் குறை சொல்வதும் இதே இரகம். தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ் நிறமூர்த்தம்தான். விந்தில் வருவது எக்ஸா வையா என்பதே ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. பூச்சிகளில் 1905இலேயே இது தெரிந்துவிட்டது. எக்ஸைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று: சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத நிறக்குருடு எக்ஸ் வழியாகப் போகிற குணம். ஆணிடம் ஒரே எக்ஸ், கெட்டதை ஈடுசெய்ய மற்றொரு பிரதி இல்லை. அம்மப்பாவுக்கு அது இருந்தால், அவருடைய மகள்மார் எல்லோரும் அதை வெளியே தெரியாமல் சுமப்பார்கள், அந்த மகள்மாரின் மகன்மாரில் ஒவ்வொருவருக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. படகின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு என்று பார்த்து இரவில் ஒதுங்கிப் போகிற துறைமுக ஊரில் இது சின்ன விஷயமல்ல. கப்பல் வேலைக்குப் போகிற பொடியன்மார் மருத்துவப் பரிசோதனையில்தான் முதன்முதலாக இதை அறிவதும் உண்டு.

இப்போது தலசீமியா. ஈமோகுளோபினின் ஒரு பகுதியான பீற்றா குளோபினைத் தயாரிக்கும் மரபணு 11ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அதன் ஒரு பிரதி கெட்டிருந்தால் மற்றது சமாளித்துவிடும். அவர் நோயாளியல்ல, காவி, அதாவது கெட்ட பிரதியைச் சுமப்பவர். ஓடுவார், உழைப்பார், பிள்ளை பெறுவார், தான் காவி என்று தெரியாமலே முதுமை அடைவார். இலங்கையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் அளவில் இப்படி இருக்கிறார்கள். உலர்வலயத்தில் நூற்றாண்டுக் கணக்காக மலேரியா மனிதரைத் தின்றபோது, இந்தக் காவிகளுக்கு அதிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது. அதனால் அந்த மரபணு அழியாமல் நிலைத்தது என்பதே விளக்கம். மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949இல் முன்வைத்த கருத்து இது. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. மலேரியா போனாலும் மரபணு நம் இரத்தத்தில் இருக்கிறது.

இரண்டு காவிகள் மணமுடித்தால் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நான்கில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்கு இரண்டு கெட்ட பிரதிகளும் கிடைக்கும். முதல் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. முந்திய பிள்ளைக்கு என்ன நடந்தது என்பது அடுத்த முட்டைக்கும் விந்துக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அதே நான்கில் ஒன்றுதான். வயிற்றில் இருக்கும்போது பிள்ளையிடம் வேறுவகை ஈமோகுளோபின் இருப்பதால் பிறக்கும்போது எதுவும் தெரியாது. ஆறு மாதமளவில் வெளிறத் தொடங்கும், பால் குடிக்காது, மண்ணீரல் வீங்கும். அதன்பிறகு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க. ஏற்றுகிற இரத்தத்தின் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் சேர்வதால், அதை வெளியேற்ற மருந்தும் தொடர வேண்டும். வயிற்றுத் தோலுக்குள் ஊசியைக் குத்தி, சின்னப் பம்ப் ஒன்றை இரவு முழுக்க ஓடவிட்டுத் தூங்கவைக்கிற தாய்மாரின் பாடு சொல்லி முடியாது.

இத்தனைக்கும், காவியைக் கண்டுபிடிக்க ஆரம்பப் படி மிகச் சாதாரண பரிசோதனை. எஃப்.பி.சி. எனப்படும் முழு இரத்தக் கணக்கெடுப்பு அறிக்கை ஒன்றைக் கையில் எடுங்கள். ஈமோகுளோபின் 10.8 என்று இருக்கிறது. "இரத்தம் கொஞ்சம் குறைவு" என்று இரும்புக் குளிசை எழுதிக் கொடுப்பார்கள். கீழே பாருங்கள். எம்.சி.வி. 64. அதாவது செங்குழியம் சின்னது, சாதாரணமாக 80க்கு மேல் இருக்க வேண்டும். எம்.சி.எச்., அதாவது ஒரு செங்குழியத்தில் உள்ள ஈமோகுளோபின் அளவு, 19.3, அதுவும் 27க்கு மேல் இருக்க வேண்டியது. இரும்புக் குறைபாட்டிலும் இவை இரண்டும் குறையும். ஆனால் செங்குழிய எண்ணிக்கை 5.6 என்று நன்றாகவே இருக்கிறது. இரும்புக் குறைபாடு என்றால் பெரும்பாலும் எண்ணிக்கையும் சேர்ந்து விழுந்திருக்கும். எம்.சி.வி.யை எண்ணிக்கையால் வகுத்தால் 11.4. பதின்மூன்றுக்குக் கீழே வந்தால் தலசீமியாக் காவியோ என்று யோசிக்கலாம். இது முடிவல்ல, வெறும் சைகை. முடிவைச் சொல்வது ஈமோகுளோபின் ஏ2 அளவு பார்க்கும் பரிசோதனை, 3.5 வீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாகக் காவி. இரும்புக் குறைபாடும் சேர்ந்திருந்தால் இந்த அளவு குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், முதலில் இரும்பைச் சரிசெய்துவிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். வருடக்கணக்காகக் குளிசை விழுங்கியும் ஈமோகுளோபின் ஏறாதவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சொந்தத்துக்குள் கலியாணம் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. மச்சான் மச்சாள் முறையில் செய்வது நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. பெரியப்பா மகளைச் செய்வது தமிழர் வீடுகளில் நினைத்தும் பார்க்க முடியாதது, அவள் சகோதரி முறை. மாமா மகள் என்றால் உரிமைப் பெண். வழக்கம் இப்படிப் பிரித்து வைத்திருந்தாலும், மரபணுக் கணக்கில் இருவரும் சமமே. இருவரோடும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் பொது. அம்மம்மா ஒருவர் ஏதோ ஒரு கெட்ட பிரதியைச் சுமந்தார் என்று வையுங்கள். அது அவருடைய ஒரு பேரனிடம் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு, ஒரு பேத்தியிடம் இருக்கவும் அவ்வளவே. அந்த இருவரும் மணமுடித்தால், இருவரிடமும் அது இருக்க 16இல் ஒன்று, பிள்ளைக்கு நோயாக வெளிப்பட 64இல் ஒன்று. ஒரு மரபணுவுக்கு இது சின்ன எண்தான். ஆனால் ஒவ்வொருவரும் இப்படிச் சில கெட்ட பிரதிகளைச் சுமக்கிறோம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால், உறவில்லாத தம்பதிக்குப் பிறவிக் குறைபாடுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால், மச்சான் மச்சாளுக்கு இன்னும் இரண்டு மூன்று கூடுகிறது. சொந்தத்தில் செய்த பெரும்பாலானோருக்கு நல்ல பிள்ளைகள் பிறக்கின்றன என்பதும் இதே எண்களில் இருக்கிறது. ஆகவே ஏற்கெனவே சொந்தத்தில் முடித்தவர்களைப் பயமுறுத்துவது சரியல்ல. செய்யப்போகிறவர்களுக்கு, குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பரம்பரை நோய் இருந்தால், கணக்கு வேறு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அப்புறம், அந்நியத்தில் செய்தால் தலசீமியா வராது என்று நினைப்பதும் தப்பு. காவிகள் இவ்வளவு பேர் இருக்கிற நாட்டில் மூதூர் மாப்பிள்ளையும் நிலாவெளிப் பொம்பிளையும் முன்பின் தெரியாதவர்களாக இருந்தும் இருவருமே காவியாக இருக்கலாம்.

எல்லாக் குணமும் இப்படி ஒரு மரபணுவில் தொங்குவதில்லை. உயரம், தோல் நிறம் எல்லாம் பல மரபணுக்கள் கூடிச் செய்கிற வேலை, உயரத்தில் சின்ன வயதுச் சாப்பாட்டுக்கும் பெரிய பங்குண்டு. சீனி வருத்தமும் அப்படித்தான். தகப்பனுக்கு இருந்தால் மகனுக்கு வாய்ப்புக் கூடும், ஆனால் நான்கில் ஒன்று, இரண்டில் ஒன்று என்று எண் சொல்ல முடியாது. உணவும் உடலுழைப்பும் அதை நன்றாகவே மாற்றும்.

சாதகப் பொருத்தம் பார்க்கிற வீடுகள் பார்க்கட்டும், அதோடு இரண்டு பேரின் எஃப்.பி.சி.யையும் பார்த்துவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. கலியாணத்துக்கு முன் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கரு உருவான பிறகு பரிசோதித்து நோய் இருப்பது தெரிந்தாலும், தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றி வேறு எதற்கும் இலங்கைச் சட்டம் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனையிலோ உங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாதுவிடமோ எங்கே பரிசோதிக்கலாம் என்று கேட்கலாம். நாள் குறித்து, மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் அடித்த பிறகு இந்த அறிக்கை வந்தால் எந்த வீட்டாலும் நிதானமாக யோசிக்க முடியாது. பேச்சுத் தொடங்கும்போதே, அதைவிட நல்லது பதினெட்டு இருபது வயதிலேயே, ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை பார்த்தால் போதும், அது மாறப்போவதில்லை.

ஒருவர் காவி, மற்றவர் இல்லை என்று வந்தால் தயங்காமல் செய்யலாம். அவர்களுக்குப் பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கடும் நோய் வராது. பிள்ளைகளில் ஒவ்வொருவரும் காவியாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுகிற காலம் வரும்போது, அவர்களுக்கும் அவர்களுக்கு வருகிறவர்களுக்கும் இதே பரிசோதனையைச் செய்ய வேண்டும்.